ஆறின காபி சார்

சூடான காபி எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஒரு மனிதர் ஐம்பது வயதை எட்டினார், அதுவும் இந்தத் தமிழ்நாட்டில் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவர் காபி குடிக்காதவர் அல்ல. காலையில், பள்ளிக்கூட இடைவேளையில், சாயங்காலம் வீடு திரும்பியதும் என்று எதையும் விடாதவர். ஆனால் அவர் கைக்கு வந்த எந்தக் காபியும் சூட்டோடு அவர் வாய்க்குப் போனதில்லை. தாய் தகப்பன் வைத்த அழகான பைபிள் பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதை உபயோகித்தவர்கள் எங்கள் தலைமையாசிரியரும் தபால்காரரும் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் ஆறின காபி சார்.

அறுபதுகளின் பிற்பகுதியில் பல்லாவரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அவர் அங்கே பூகோளம் நடத்தினார். ஆசிரியர் அறையில் என் மேஜையும் அவர் மேஜையும் பக்கத்துப் பக்கத்தில். குடியிருந்ததும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரே தெருவில். அதனால் பகல் முழுக்க அவரோடு, ரயிலிலும் அவரோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது அவர் பாடுகிற பாட்டும் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக வந்துவிடும்.

இடைவேளை மணி அடித்ததும் எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா முனியம்மா எதிர்க்கடையிலிருந்து தூக்கில் காபி வாங்கி வந்து டம்ளர்களில் ஊற்றி வைப்பாள். நாங்கள் ஊதி ஊதிக் குடிப்போம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைப்பார். புடைத்த மூக்கும் முன்வழுக்கையுமாக, குளிர்காய்கிறவரைப் போல டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடுவார். ஜெபம் தொடங்கும். நாங்கள் குடித்து முடித்து, முனியம்மா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுத்த மணி அடித்து, சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பும்போதும் அவர் குடகு மலையிலேதான் இருப்பார்.

ஏனென்றால் அவருக்கு 'காபிக்காக நன்றி' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வராது. எருமையிலிருந்து ஆரம்பிப்பார். பால் ஊற்றுகிற கோவிந்தனின் எருமை எங்கே மேய்கிறது, அதற்கு யார் புல் அறுத்துப் போடுகிறார்கள் என்பதெல்லாம் வரும். அந்த எருமையின் கன்று செத்துப்போய், தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்தித்தான் பால் கறக்கிறார்கள் என்று எப்படியோ கேள்விப்பட்டுவிட்டார். அதற்கப்புறம் எருமைக்கும் ஆறுதல் கொடுக்கச் சொல்லி ஆண்டவரிடம் ஒரு விண்ணப்பம் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து கரும்பு, சர்க்கரை ஆலை, அடுப்பு எரிகிற மண்ணெண்ணெய், அது வந்த கப்பல். பிறகு காபித் தோட்டம். மழையில் அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்கப் பழம் பறிக்கிற பெண்களின் கால்கள். இவ்வளவும் தேனீ முரலுகிற மாதிரி ஒரு மெல்லிய முணுமுணுப்பில் நடக்கும். அவருடைய வகுப்புப் பையன் ஒருவன், காபி எங்கே விளைகிறது என்ற பரீட்சைக் கேள்விக்கு, 'குடகில் விளைகிறது, அங்கே அட்டை உண்டு, ஆமென்' என்று எழுதிவைத்தான். சார் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தார்.

இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாதவள் முனியம்மா ஒருத்திதான். தான் கொண்டுவருகிற காபி தன் கண்ணெதிரே ஆடை கட்டிப் பாழாவதை அவள் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டாள். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"சார், நீங்க மொதல்ல ஜெபத்த முடிச்சுக்கினு ஒரு கொரல் குடுங்க. அப்பால நான் காபி எத்துக்கினு வரேன்."

இன்னும் வராத காபிக்கு எப்படியம்மா நன்றி சொல்வது என்றார் அவர். அப்படியானால் குடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டு மறுநாள் பதிலோடு வந்தார். வீட்டில் தண்ணீரை அப்படிக் குடித்துப் பார்த்ததாகவும், குடித்ததும் மனசு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவதாகவும், நன்றி சொல்ல உட்கார்ந்தால் வெறும் டம்ளர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றும் மிகுந்த வருத்தத்தோடு அவளிடம் தெரிவித்தார். முனியம்மா தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

முதலில் நானும் சிரித்தவள்தான். ஆனால் ஒருநாள் பக்கத்து மேஜையிலிருந்து காதில் விழுந்தது. டம்ளரின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துச் சுருட்டி, உதட்டை அறுக்காதபடி செய்து வைத்த மனிதனுக்காக அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என் டம்ளரை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து டம்ளரில் குடிக்கிறேன். அந்த மடிப்பு அங்கே இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பம்மல் பக்கமிருந்து காற்று அடித்தால் தோல் பதனிடுகிற ஷெட்டுகளின் நாற்றம் பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லோரும் முந்தானையாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அவர் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் கேட்கமாட்டோம். கேட்டால் செருப்புக்குத் தோல் பதனிட்டவர்களுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்துவிடுவார், அந்த வகுப்பு போய்விடும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை ரயிலில் கேட்டேன். ஏதாவது பெரிய வியாதியிலிருந்து பிழைத்திருப்பார், தரிசனம் ஏதாவது கிடைத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. திருநெல்வேலிப் பக்கம் மிஷன் போர்டிங்கில் படித்தபோது, சாப்பாட்டுக்கு முன்னால் மனப்பாட ஜெபம் சொல்லும் முறை ஒருநாள் அவருக்கு வந்ததாம். வார்டன் எதிரே நின்றதும் பயத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அன்னைக்குத்தான் டீச்சர் நான் தட்டைப் பார்த்தேன்" என்றார். அதற்குமேல் அதில் கதை எதுவும் இல்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் மனைவி எஸ்தர் அக்கா இதற்கு நேர் எதிர். நறுக்கென்று பேசுவாள், பரபரவென்று நடப்பாள். இந்த மனிதரைக் கட்டிக்கொண்ட கொஞ்ச நாளிலேயே, ஆறினாலும் ருசிக்கிற பண்டங்களாகப் பார்த்துச் சமைக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். அந்த வீட்டில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் அமர்க்களமாக இருக்கும். பூரி செய்து நான் பார்த்ததில்லை.

சக ஆசிரியர் ஒருவரின் மகள் கல்யாண விருந்தை எங்கள் பக்கத்தில் இன்னும் யாராவது நினைவு வைத்திருப்பார்கள். சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் வரிசையாக இலை போட்டு, பிரியாணி பரிமாறி, ஆவி பறந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ண வேண்டிய சர்ச் ஐயருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து, மூத்தவர் யாராவது ஒரு சிறு ஜெபம் பண்ணுங்கள் என்று கரகரத்த குரலில் சொன்னார். அவர் அந்த ஊருக்குப் புதியவர். பின்வரிசையில் ஆறின காபி சார் எழுந்து நிற்பதைக் கண்டதும் பல்லாவரத்து ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம்.

அரிசியில் ஆரம்பித்தார். நாற்று நட்டவர்களின் இடுப்பு வலி வந்தது. ஆடு வந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்களின் பாத வெடிப்பு வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் கண்ணை மூடியபடியே ஒரு துண்டு இறைச்சியை வாய்க்குள் தள்ளியதை நானே பார்த்தேன். குழந்தைகள் அழ ஆரம்பித்தன. எஸ்தர் அக்கா முதலில் இருமினாள். பிறகு பலமாக இருமினாள். அவர் வெங்காயத்துக்குப் போனார். உடனே அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கணீரென்று "ஆமென்" என்றாள். இதற்காகவே காத்திருந்த மாதிரி கூடம் முழுக்க "ஆமென்" என்று இரைந்தது. அடுத்த நிமிடம் எல்லாக் கைகளும் இலையில் இருந்தன. சார் கண்ணைத் திறந்து, ரயிலைத் தவறவிட்டவரைப் போலச் சுற்றிலும் பார்த்தார். திரும்பி வரும்போது, தான் இன்னும் தயிர்ப் பச்சடிக்கே வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ரயில் என்றதும் இன்னொன்று. சாயங்கால மின்சார ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடும். எல்லோரும் மேம்பாலப் படிக்கட்டுக்கு ஓடுவோம். அவர் மட்டும் பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் நடந்து, டிரைவர் இறங்குகிற கதவுக்கு எதிரே நிற்பார். முதல் தடவை அப்படி நின்றபோது நான் கூட இருந்தேன். டிரைவர் நடுவயதுக்காரர், கொஞ்சம் சிடுசிடுப்பான முகம். ஏதோ புகார் என்றுதான் நினைத்துவிட்டார். என்ன சார், என்ன தப்பு நடந்தது என்று விறைப்பாகக் கேட்டார்.

"ஒண்ணும் தப்பா நடக்கலை. அதுக்குத்தான் நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் சார்.

டிரைவர் என்னைப் பார்த்தார். இவர் சரியாகத்தான் இருக்கிறாரா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் தலையை ஆட்டி வைத்தேன். அதிலிருந்து அந்த டிரைவர் வண்டி ஓட்டி வருகிற நாளெல்லாம் இது நடக்கும். நாளாக ஆக டிரைவரே கதவருகே நின்று, பைக்குள் எதையோ தேடுகிற பாவனையில், அவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கல்யாணமாகி அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். பேறுகால விடுப்பு முடிந்ததும் அவளை எங்கே விடுவது என்று நானும் என் கணவரும் தவித்தபோது, எஸ்தர் அக்கா தானாக வந்து தூக்கிக்கொண்டு போனாள். அவர்களுடைய ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டிருந்தான். வீடு வெறிச்சென்று இருக்கிறது, இங்கே விட்டுவிட்டுப் போ என்றாள். காலையில் குழந்தையை அந்த வீட்டில் விட்டுவிட்டு ரயிலைப் பிடிப்பேன். சாயங்காலம் அங்கேயிருந்து எடுத்துக்கொள்வேன். சில நாள் ரயிலை விட்டு இறங்கியதும் சார், டிரைவருக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார். எதற்கு இந்த அவசரம் என்று எனக்குத் தெரியும். நான் வந்து வாங்கிக்கொள்வதற்குள் அவருக்குக் கொஞ்ச நேரம் குழந்தை வேண்டும்.

அவளுக்கு ஒரு வயது நிரம்பவில்லை. ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்தது. டாக்டர் அவரால் ஆனதெல்லாம் செய்தார். காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. இதற்குமேல் அதை எழுத எனக்கு இன்றைக்கும் வரவில்லை.

அன்று எங்கள் வீட்டில் கூடியவர்களுக்கு, துக்கத்துக்கு நடுவே இன்னொரு பயம் இருந்தது. ஆறின காபி சார் வந்துவிடுவாரே, வந்து கண்ணை மூடி ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது. என் கணவரின் அண்ணா, அந்த மனிதரை உள்ளே விடாதீர்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாராம். எஸ்தர் அக்கா உள்ளே என் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். பல்லாவரத்திலிருந்து வந்திருந்த முனியம்மா தானாகவே போய்த் தெருமுனையில் நின்றுகொண்டாள். அவர் வந்ததும் வழி மறித்தாள்.

"சார், இன்னிக்கி மட்டும் வாயத் தொறக்காதீங்க சார். உங்க கால்ல வுழறேன்."

அவர் அவளைத் தாண்டி நடந்தார். தூறலில் குடையோடு வந்து எங்கள் வாசற்படிக்குக் கீழே நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் தெரிந்தார். எனக்குள் எங்கிருந்து அவ்வளவு கசப்பு வந்ததோ தெரியாது. எல்லோருக்கும் கேட்கிறபடி கேட்டேன்.

"சார், இதுக்கும் நன்றி சொல்லுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கண்ணை மூடவில்லை. என்னை நேராகப் பார்த்தார்.

"மாட்டேம்மா" என்றார். "இதுக்குச் சொல்ல மாட்டேன். ஏன்னு கேக்கத்தான் போறேன்."

குழந்தையை ஆண்கள்தான் கொண்டுபோனார்கள். தானும் வரலாமா என்று அவர் என் கணவரிடம் கேட்டிருக்கிறார். மழை வலுத்தபோது, என் கணவர் கையில் இருந்த அந்தச் சின்னத் துணிப்பொதியின் மேல் மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி, சேற்றில் பக்கவாட்டாகவே நடந்து வந்தாராம். இதை என் கணவர் வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன். இடைவேளையில் முனியம்மா காபி வைத்தாள். சார் டம்ளரை எடுத்தார். கண்ணை மூடவில்லை. அப்படியே வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுருங்கியது, கண்ணில் நீர் வந்துவிட்டது. சூட்டைத் தாங்கிப் பழகாத நாக்கு. அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நான் விடுப்பில் இருந்த நாளெல்லாம் இப்படித்தான் என்று முனியம்மா பிறகு என்னிடம் சொன்னாள். "நாக்கு வெந்துபோயி ஒழுங்கா பேசக்கூட முடியல. அப்பவும் அப்டியே ஊத்திக்கிறாரு. எனக்குக் காபி வெக்கவே பயமாக் கீதும்மா." சூடாகக் குடியுங்கள் என்று வருஷக்கணக்கில் அவரோடு மல்லுக்கட்டியவள், அவர் சூடாகக் குடிப்பதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரயிலிலும் அப்படியே. தாம்பரத்தில் இறங்கினால் யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டு எங்கள் ஜன்னலுக்கு வருவது நின்றுபோனது. சர்ச்சில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எஸ்தர் அக்கா சொன்னாள். இரண்டு வேளையும் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவள் அவள்தான். ஒருநாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"கமலா, நீ ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லேன். எனக்கு அவர் இப்படி இருக்கறது பயமா இருக்கு. இருமறதுக்குக்கூட எனக்கு வேலையில்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவள் நான். நானே வெள்ளிக்கிழமைக் கோயிலை நிறுத்திவிட்டு, சாமி படத்துப் பக்கம் திரும்பாமல் இருக்கிறேன். அவருக்கும் அவருடைய ஆண்டவருக்கும் நடக்கிற சண்டையில் நான் போய் என்ன சமாதானம் பேசுவது. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் தவறாமல் வந்தது. நான் அதை விழுங்கினேன். உப்பா உறைப்பா என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

தை பிறந்த சமயம். ஒரு சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். சார் வழக்கம்போல முன்னால் படியேறிப் போய்விட்டார். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அந்த டிரைவர். கையில் பையோடு, தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"அம்மா, உங்ககூட வருவாரே ஒரு சாரு, அவருக்கு எம்மேல இன்னா கோவம்?"

கோபம் ஒன்றும் இல்லை என்றேன்.

"இல்லம்மா, கேட்டுச் சொல்லுங்க. வண்டிய ஒழுங்காத்தான் கொண்டாந்து சேக்கிறேன். இப்பல்லாம் பிரேக்கக்கூட மெதுவாப் போட்டுப் பாக்கறேன். திரும்பிப் பாக்காமப் போய்க்கினே கீறாரு. வூட்ல எம் பொண்டாட்டி தெனம் கேக்கறா, இன்னிக்கும் உங்க சாரு ஒண்ணியும் சொல்லலியான்னு."

ஒரு மனிதர் பேசவேண்டும் என்பதற்காக ஒரு ரயிலே மெதுவாக நின்றுகொண்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பிளாட்பாரத்தில், சிமெண்ட் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். டிரைவர் பாவம், மிரண்டுபோனார். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, நிச்சயம் வந்து சொல்வார் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

சிரித்து ஓய்ந்தபோது எனக்குப் பசித்தது. அது பசிதான் என்று புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரமாயிற்று. மேம்பாலத்தின் மேல் வந்து நின்றேன். பச்சைமலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து கொக்குகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கீழே யாரோ வேர்க்கடலை வறுக்கிற வாசனை நேராக மேலே வந்தது. இதெல்லாம் நேற்றும் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழியில் நிற்கிறேன் என்று ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு போகப் போக, அப்படியே நின்றேன்.

என் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். குழந்தை போனதற்குப் பிறகு அந்தப் படியை நான் மிதித்ததில்லை. எஸ்தர் அக்கா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பசிக்கிறது அக்கா என்றேன். அவள் தட்டைப் போட்டாள். எனக்கு, அவருக்கு, தனக்கு. சார் வந்து உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்து, நேராகத் தோசையைப் பிய்க்கப் போனார்.

"சார், ஜெபம் பண்ணுங்க" என்றேன்.

கை நின்றது. "எதுக்கும்மா?" என்று கேட்டார். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"பாப்பாவுக்கு. அவ வந்தாளே, அதுக்கு."

அவர் தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

அன்று அவர் ஆண்டவரிடம் சொன்னதை நான் அப்படியே எழுத முடியாது. குழந்தையின் இடது காது மடலில் இருந்த சின்ன மடிப்பில் ஆரம்பித்தார். பிடரியில் ஒரே ஒரு சுருள் முடி எண்ணெய் வைத்தாலும் படியாமல் நிற்குமே, அதற்கு வந்தார். பால் குடித்ததும் விக்கல் வரும், ஒவ்வொரு விக்கலுக்கும் இது யார் செய்தது என்பது மாதிரி அவள் சுற்றுமுற்றும் பார்ப்பாள், அந்தப் பார்வைக்காக ஸ்தோத்திரம் என்றார். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம் வீட்டுக்கு மேல் போனால் சத்தம் தேயும்வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். பகல் வெயில் ஜன்னல் கம்பி வழியாக விழுகிற கோடுகளைப் பிடிக்கத் தவழ்ந்து தவழ்ந்து போய், உள்ளங்கையைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லாததைக் கண்டு சிரிப்பாளாம். எஸ்தர் அக்கா வளையலைக் கழற்றினால் அழுவாளாம், போட்டுக்கொண்டால்தான் சமாதானமாவாளாம்.

இதில் பாதி எனக்குத் தெரியாது. நான் பல்லாவரத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த பகல்கள் அவை. என் மகளின் பகல்களை நான் பார்க்கவே இல்லை என்பது அந்த மாதங்களில் என்னை அரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. எஸ்தர் அக்கா சாயங்காலம் சாயங்காலமாக அவரிடம் சொல்லியிருக்கிறாள், அவர் ஒன்றையும் தவறவிடாமல் வைத்திருக்கிறார். அந்தப் பகல்களை எல்லாம் அந்தச் சமையலறையில் எனக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அக்கா இருமவில்லை. அடுப்பில் திரி தணிந்து எரிந்தது. தன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்று அவள் மல்லுக்கட்டிய விரல்களுக்கு வந்தபோது அவர் குரல் உடைந்தது. எங்கள் மூன்று பேரில் ஆமென் சொன்னது யார் என்று எனக்கு நினைவில்லை.

பிறகு சாப்பிட்டோம். தோசை விறைத்துப்போயிருந்தது. நான் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

இருட்டிவிட்டதால் அவர் என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கேட்டில் நின்று, அவருடைய சண்டை முடிந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை டீச்சர், கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை என்றார். எனக்கும் வரவில்லை என்றேன். சரி, கேட்டுக்கொண்டே இருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். டிரைவர் விசாரித்ததைச் சொன்னபோது மட்டும் பதறிப்போய்விட்டார். மறுநாள் அந்த டிரைவர் எந்த வண்டியில் வருவார் என்று தெரியாமல், சாயங்காலம் பிளாட்பாரத்தில் நெடுநேரம் காத்திருந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அடுத்த சில வருஷங்களில் என் கணவருக்குத் திருச்சிக்கு மாற்றலாயிற்று. எனக்கு ஒரு மகன் பிறந்தான். ஆறின காபி சார் ஓய்வு பெற்று, எஸ்தர் அக்காவோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். இருவரும் இப்போது இல்லை.

ஆறுதல் என்று எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். விதி என்றார்கள், தெய்வக் குழந்தை என்றார்கள், இன்னொன்று பிறக்கும் என்றார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். என் மகள் இந்த உலகத்தில் கொஞ்ச காலம்தான் இருந்தாள். அந்தக் கொஞ்ச காலத்தில் அவளை அப்படிக் கண்கொட்டாமல் பார்க்க ஒரு மனிதர் எங்கள் தெருவில் இருந்தார்.